திருமதி கோட்டுக்கு வரவேண்டிய பாக்கி

1

நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி மணி அடித்தது. 'பதினேழாம் எண் பில்: இன்றோடு ஒரு வருடம்' என்று நாட்காட்டி நினைவூட்டியது. அந்தப் பில்லுக்குப் பணம் வந்து ஆறு வாரமாகிவிட்டது. நாட்காட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து மாதத்துக்கு மேல் ஒரு காகிதத்தைக் கைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவளுக்கு, பிறந்தநாளும் அதுவுமாக அதை அழிக்க மனம் வரவில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு என் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் வடக்கே பிரேமன் என்ற ஊரில் பதினேழு வருடமாக இருக்கிறேன். முதலில் ஒரு கம்பெனியில் மாதச் சம்பளம். பிறகு அதை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து கைபேசிக்கான விளையாட்டுகள் செய்து கொடுக்கிறேன். கோவில்பட்டியில் என் அம்மாவிடம் "மக என்ன செய்யுதா?" என்று கேட்டால், "வேலைய விட்டுட்டு விளையாடிக்கிட்டு இருக்கா" என்கிறாள். கேட்டவர்கள் மருமகன் நல்ல சம்பளக்காரராக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அதுவும் சரிதான். என் கணவருக்கு மாதம் இருபத்தேழாம் தேதி சம்பளம் விழுந்துவிடும். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை. அந்த நாளில் மட்டும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பதினேழாம் எண் பில் ஓர் அணிலுடையது. ஒரு வங்கி, குழந்தைகளுக்குப் பண ஒழுக்கம் கற்றுக்கொடுக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று ஒரு விளம்பரக் கம்பெனியிடம் சொன்னது. விளம்பரக் கம்பெனி என்னிடம் சொன்னது. விளையாட்டில் அணில் மற்ற பிராணிகளிடம் கொட்டைகள் கடன் வாங்கும். பனி விழுவதற்குள் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவணை தவறினால் காட்டில் ஒருவரும் அதோடு பேசமாட்டார்கள். இந்த உயர்ந்த நீதியை நான் நான்கு மாதம் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். நாலாயிரத்து எண்ணூறு யூரோ. அதை வாங்கத்தான் எனக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆனது.

2

அணிலை வரைந்து அசைய வைத்தது நான் இல்லை. எனக்குக் கோடு கூட நேராக வராது. இணையத்தில் தேடியபோது ஒரு பெண்ணின் வேலை கண்ணில் பட்டது. ஒரு சேவல் ஓடிவந்து நின்று கழுத்தைத் திருப்பும், மூன்றே விநாடி. ஊர் எது என்று பார்த்தால் கோவில்பட்டி. பெயர் முருகலட்சுமி, வயது இருபத்தாறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்ப்பிள்ளைக்கு வேலை கொடுக்கிறோம் என்ற பெருமையில் ஒரு வாரம் வீட்டில் எல்லோரிடமும் நன்றாகப் பேசினேன்.

முதல் அணிலுக்கு அவள் முதுகில் மூன்று கோடு போட்டு அனுப்பினாள். விளம்பரக் கம்பெனியில் என் வேலையைக் கவனித்த லூக்காஸ் என்ற இளைஞர், "இந்த வரிகள் என்ன, ஏதாவது நோயா?" என்று கேட்டு எழுதினார். இங்கே அணில் செந்நிறம், காதில் குஞ்சம், முதுகு வெறுமை. முருகலட்சுமியிடம் சொன்னேன். "அது அணிலா அக்கா? கீரிப்பிள்ளை மாதிரில்லா இருக்கு?" என்றாள். ஆனாலும் இரண்டே நாளில் வரைந்துவிட்டாள். பிறகு வால் பெரிதாக வேண்டும் என்றார்கள். பெரிதானதும் கர்வமாகத் தெரிகிறது என்றார்கள். வாலின் கர்வத்தைக் குறைக்க ஒன்பது திருத்தம்.

ஒப்பந்தத்தில், 'ஒப்புதல் அளித்த நாளிலிருந்து முப்பது நாளில் பணம்' என்றிருந்தது. முப்பது நாள் என்பதைத் தடித்த எழுத்தில் பார்த்தேன். ஒப்புதல் என்பதை மெல்லிய எழுத்தில் விட்டுவிட்டேன். கரிசல்காட்டில் பிறந்தவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் கடன் கெடு எல்லாமே 'உளுந்து வீடு வந்ததும்', 'மக்காச்சோளம் எடுத்ததும்' என்றுதான் இருக்கும். உளுந்து வர மழை வேண்டும். மழைக்கு யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. பிரேமனில் வருடம் பூராவும் மழை பெய்கிறது. அப்படியும் கெடு ஏன் தள்ளிப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

என் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை சாயந்திரம் கூலி. செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது. மற்ற நாட்களில் அப்பா வெளியூரில் இருப்பார். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்திருந்தேன். இந்த விளம்பரக் கம்பெனியில் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமைதான் பணம் அனுப்புவார்கள். அந்த வியாழன் விடுமுறையாக இருந்தால் அடுத்த வியாழன். அது கணக்கு முடிக்கும் வாரமாக இருந்தால் அதற்கும் அடுத்தது.

3

ஒப்புதல் வந்தது. நான் பில் அனுப்பினேன். முப்பது நாள் ஆனது. இங்கே பணம் வராவிட்டால் கடிதம் எழுத வேண்டும். முதல் கடிதம், "ஒருவேளை தங்கள் கவனத்திலிருந்து தவறியிருக்கலாம்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில். இரண்டாவது, சிரிக்காமல். மூன்றாவதில் தேதி குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றம். லூக்காஸ் ஒவ்வொன்றுக்கும் அன்பாகப் பதில் எழுதினார். "நடைமுறையில் இருக்கிறது." வார இறுதி இனிதாக அமையட்டும் என்றும் வாழ்த்தினார்.

மூன்றாவது கடிதத்தைக் கோபத்தில் நானே எழுதினேன். வழக்கமாக என் மகள் இனியாவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். அவளுக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். அன்று அவள் பள்ளியில் இருந்தாள். சாயந்திரம் வந்து படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இத அனுப்பிட்டியா?"

"காலையிலேயே அனுப்பிட்டேன். ஏன்?"

ஜெர்மன் மொழியில் 'ஃபெர்கூட்டுங்' என்றால் ஊதியம். 'ஃபெர்கெல்ட்டுங்' என்றால் பழிவாங்கல். நான் இரண்டாவதை எழுதியிருக்கிறேன். 'பதினான்கு நாட்களுக்குள் எனக்குப் பழிவாங்கல் வேண்டும். தவறினால் அதை வட்டியுடன் பெற்றுக்கொள்வேன். தங்கள் நட்பான, செண்பகவல்லி.'

இனியா சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. "தமிழ்ல சொல்லு" என்றேன். "தமிழ்ல சொன்னா நீ திட்டுவ" என்று தமிழில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் வருவதெல்லாம் இப்படித் தப்பிப்பதற்கு மட்டும்தான். சிறுமியாக இருந்தபோது என் விளையாட்டுகளை முதலில் ஆடிப் பார்ப்பவள் அவள்தான். இப்போது தோழிகளிடம், அம்மா வீட்டிலிருந்து ஏதோ செய்கிறாள் என்கிறாள். என் அம்மா ஊரில் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த மாதங்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் முருகலட்சுமி. தினமும் காலையில் ஒரு பூப்படம் அனுப்புவாள். ரோஜா, தாமரை, சூரியகாந்தி. கீழே 'இனிய காலை வணக்கம் அக்கா'. சில நாள் 'சாப்டீங்களா அக்கா?' என்றும் கேட்பாள். பெற்ற பிள்ளை கேட்காததை யாரோ ஒரு பிள்ளை கேட்கிறது என்று உருகிப்போவேன். கை கூப்பிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவேன். அவளுக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. ஒருமுறை அவளே கேட்டாள். "மேல இருந்து வந்ததும் உடனே போட்டுருதேன் லட்சுமி" என்றேன். "சரிக்கா" என்றாள். மறுநாள் ரோஜா வந்தது.

4

இந்த இடத்தில் என் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு இருப்பது ஒரே பெயர். அப்பா பெயர் அருணாச்சலம் முன்னெழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. இங்கே வந்து இறங்கியதும் ஊர் அலுவலகத்தில் இருந்த அம்மையார், கட்டத்தைக் காலியாக விடச் சட்டத்தில் இடமில்லை என்றார். கொஞ்ச நேரம் யோசித்து அதில் ஒரு கோடு போட்டார். அன்று முதல் சட்டப்படி என் குடும்பப் பெயர் ஒரு சிறு கோடு. மருத்துவமனையில் சில நேரம் "திருமதி கோடு" என்று கூப்பிடுவார்கள். எழுந்து போவேன்.

வங்கிக் கணக்கும் கோட்டின் பெயரில்தான். ஆனால் பில்லில் கோடு என்று போட்டால் கிளையன்ட் என்ன நினைப்பார்? கௌரவமாக 'அருணாச்சலம் செண்பகவல்லி' என்று எழுதுவேன். இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. பணம் வந்தது.

வரி அலுவலகம் மட்டும் என்னை மறக்கவேயில்லை. தொழில் தொடங்கியபோது நிரப்பிய படிவத்தில், பணம் வந்த பிறகு வரி கட்டுகிறேன் என்பதற்கு ஒரு கட்டம், பில் போட்டதுமே கட்டுகிறேன் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. என் ஜெர்மன் அப்போது இன்னும் மோசம். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். ஆகவே கண்ணால் காணாத பணத்துக்கு நான் வரி கட்டினேன், அதுவும் கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே. கணவர் பார்த்துவிட்டு, "இந்த வருஷமும் இப்படின்னா பழைய கம்பெனிக்கே கேட்டுப் பாரேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். வருட முடிவுக்குள் கணக்கு நேராகாவிட்டால் பின்னறையைக் காலி செய்வது என்று எங்களுக்குள் பேச்சானது. இனியா அந்த அறையை அளந்து பார்த்தாள். அவள் கட்டில் அங்கே சரியாக இருக்குமாம்.

5

இந்த நிலையில்தான் சண்முகம் அண்ணாச்சி வந்தார். என் பெரியப்பா மகன், என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். அண்ணன் என்று கூப்பிட வாய் வராது, அண்ணாச்சிதான். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வியாபாரம். தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரம் வரை கடைகளுக்குச் சரக்குப் போடுகிறார். பாக்கி வசூலுக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் தானே போவார். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்தவர், ரயிலேறி எங்களையும் பார்க்க வந்தார். மகனின் பெரிய குளிர்ச் சட்டைக்குள் வெள்ளைச் சட்டை, ஒரு பையில் ஆறு கிலோ கடலைமிட்டாய்.

சாப்பிட்டு முடித்ததும் என் கதையைக் கேட்டார். நான் கடிதங்களை எடுத்துக் காட்டினேன்.

"காயிதமாப் போட்டுக்கிட்டு இருக்க. ஆள் எங்கன இருக்கான்?"

"இங்கனதான் அண்ணாச்சி. டிராம்ல இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா?" அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "நான் பத்தாயிரம் பாக்கிக்குத் திருவனந்தபுரம் போயிட்டு வாரேன். நீ ஒரு வாட்டி கூடப் போகலையாட்டி?"

"இங்க அப்படிச் சொல்லாமப் போகமாட்டாங்க அண்ணாச்சி. மரியாதை இல்ல."

"காசு குடுக்காதது மட்டும் மரியாதையோ? கெளம்பு."

டிராமில் எனக்குப் பாடம் நடந்தது. போனதும் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம், காப்பி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். காப்பி குடித்துவிட்டால் பாதிக் கடன் தீர்ந்த மாதிரி அவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். "நாம உக்காந்துருக்கது அவியளுக்குக் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

ஆனால் அந்த அலுவலகத்தில் நாற்காலி இல்லை. வரவேற்பறையில் பஞ்சு மூட்டை மாதிரி பெரிய பெரிய மெத்தைப் பைகள் கிடந்தன. அண்ணாச்சி முப்பது வருட அனுபவத்தோடு ஒன்றில் உட்கார்ந்தார். பை அவரை இடுப்பு வரை விழுங்கிவிட்டது. கால் இரண்டும் மேலே. யாரோ வளர்க்கும் ஒரு பெரிய நாய் வந்து கடலைமிட்டாய்ப் பையை முகர்ந்தது.

"ஏட்டி, எந்திரிக்க முடியலட்டி."

"இருங்க அண்ணாச்சி, எந்திரிக்காமத்தான் இருக்கணும்னு நீங்கதான் சொன்னீய."

லூக்காஸ் வந்தார். அதுவரை எழுத்தில் மட்டும் பார்த்தவர். தாடி வைத்த சாதுவான பிள்ளை. என்னைக் கண்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தபடி நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவரே பேசினார்.

"என்ன சொல்லுதான்?" என்றார் அண்ணாச்சி, பைக்குள்ளிருந்து.

"நடைமுறையில இருக்காம்."

"அது எந்த ஊரு?"

எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை. "அவர் கேட்கிறார், அது எங்கே இருக்கிறது என்று" என்றேன். லூக்காஸ் அதை நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். கணக்குப் பகுதியில் இருக்கலாம் என்றார். கணக்கு பார்க்கும் அம்மையார் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாராம். இன்று வருகிற நாள்தான். ஆனால் கூட்டத்தில் இருக்கிறார்.

உட்கார்ந்திருந்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம். போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாச்சிக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் கடலைமிட்டாய் கொடுத்தார். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய திரையில் எங்கள் அணில் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டையைத் திருப்பிக் கொடுக்கும், வாலைச் சுழற்றும், மறுபடியும் ஓடும். அண்ணாச்சி வேறு எதையும் பார்க்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆடுது" என்றார்.

கடைசியில் கணக்கு அம்மையார் வந்தார். அறுபது வயதிருக்கும். சங்கிலியில் கோர்த்த கண்ணாடி, கையில் ஒரு கோப்பு. நேராக அண்ணாச்சியிடம் போய்க் கை நீட்டினார். "நீங்கள்தானா திரு. அருணாச்சலம்? உங்களை எட்டு மாதமாகத் தேடுகிறேன்."

அண்ணாச்சிக்குப் பெயர் மட்டும் புரிந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, சித்தப்பா பேரச் சொல்லுதாவ. சித்தப்பா தவறி ஒம்பது வருஷம் ஆச்சேட்டி!"

கோப்பில் இரண்டு உறைகள் இருந்தன. பிரிக்கப்படாதவை. பணத்தை அந்த அம்மையார் எட்டு மாதத்துக்கு முன்பே அனுப்பியிருக்கிறார். ஆனால் வங்கிகளில் இப்போது பெயரும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள், கல்யாணப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. பில்லில் அருணாச்சலம், கணக்கில் கோடு. பொருந்தவில்லை. பணம் திரும்பிவிட்டது. விவரம் கேட்டு 'திரு. அருணாச்சலம்' என்று கடிதம் போட்டிருக்கிறார். இங்கே தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். எங்கள் பெட்டியில் என் கணவர் பெயர். 'அப்படி ஒருவர் இல்லை' என்று எழுதி இரண்டு முறையும் திருப்பியிருக்கிறார்.

"நான் எத்தனை மின்னஞ்சல் அனுப்பினேன்!" என்றேன்.

"எனக்கு ஒன்றும் வரவில்லை. லூக்காஸுக்கு வந்திருக்கும். அவர் வேலைப் பகுதி, நான் கணக்குப் பகுதி." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒன்றை மட்டும் அவர் காட்டினார். பழிவாங்கல் கடிதம். அதில் பில் எண் இல்லை, அருணாச்சலம் என்ற பெயரும் இல்லை. அதை என் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான நினைவூட்டலை என் சர்வீஸில் பார்த்ததில்லை."

அந்த உறைகளைக் கையில் வாங்கினேன். உயிரோடு இருந்த காலத்தில் அப்பா ஆந்திராவைத் தாண்டியதில்லை. ஒரு ஜெர்மன் கணக்காளர் அவருக்கு மரியாதையாக இரண்டு கடிதம் எழுதி, பதில் வரவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார். அம்மையார் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அந்த வாரமே பணம் அனுப்பும் வியாழன். மூன்று பேர் சேர்ந்து அண்ணாச்சியைப் பையிலிருந்து தூக்கி எடுத்தார்கள்.

6

வீட்டுக்கு வந்ததும் நான் மிதந்துகொண்டிருந்தேன். இனியா பள்ளியிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். "அண்ணாச்சி, இப்ப நீங்க காப்பி குடிக்கலாம்" என்று சொல்லி இயந்திரத்தில் கோப்பையை வைத்தேன். கொட்டையை அரைத்து, பால் நுரை எழுப்பி, ஒரு பொத்தானில் எல்லாம் முடித்துத் தரும் இயந்திரம். அண்ணாச்சி எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல மிசினு. என்ன வெலை?"

"எண்ணூத்தம்பது யூரோ. தள்ளுபடில வாங்குனது."

"எப்ப வாங்குன?"

"பங்குனி மாசம்."

அவர் மனதுக்குள் பெருக்கினார். வியாபாரிகள் பெருக்கும்போது உதடு அசையாது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை, மேசையில் வைத்தார்.

"சரி. உன் வசூல் முடிஞ்சுது. இப்ப என் வசூலப் பாப்போம்."

எனக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டு மாடில ஒரு பிள்ள வாடகைக்கு இருக்கா. தாயும் அவளும். அஞ்சு மாசமா வாடகை வரல. நான் கேக்கல. பெறவு ஒரு நாளு பைனான்ஸ்காரன் வந்து, லேப்டாப்புக்குத் தவணை கட்டலன்னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான். அன்னைக்குத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். ஜெர்மனில இருந்து காசு வரணும் மாமா, அந்த அக்கா நல்ல அக்கா, வந்ததும் தந்துருவாவன்னா. யாருட்டி அந்த அக்கான்னு கேட்டா உன் பேரச் சொல்லுதா."

சமையலறையில் இயந்திரம் மட்டும் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான் உனக்கு அண்ணன்னு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லல. எந்த முகத்த வச்சுச் சொல்லுவேன்? பயலப் பாக்கத்தான் வந்தேன், பொய் சொல்லல. ஆனா இங்கன வந்தது இதுக்குத்தான்."

"அண்ணாச்சி, எனக்கே வரலியே. மேல இருந்து வந்தாத்தான..."

சொல்லும்போதே அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனியா பக்கத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, அப்போ நீ... நீதான் லூக்காஸா?"

அண்ணாச்சி சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த லூக்காசு பய தேவல. அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்" என்றார்.

கைபேசியை எடுத்து முருகலட்சுமியின் பூக்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். தாமரை, ரோஜா, சூரியகாந்தி, சாப்டீங்களா அக்கா. ஒரு நாள் விடாமல். எங்கள் ஊரில் பாக்கியை நேராகக் கேட்கமாட்டார்கள். எதிரில் வந்து நிற்பார்கள், நலம் விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் நான். பதினேழு வருடத்தில் ஜெர்மன் மொழியில் மூன்று வகை நினைவூட்டல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சொந்த மொழியில் வந்த இருநூறுக்கும் மேற்பட்ட நினைவூட்டல்களுக்கு, அன்பு என்று நினைத்துக் கைகூப்பியிருக்கிறேன்.

இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. சேமிப்பில் பணம் இருந்தது. முதலிலிருந்தே இருந்தது. எனக்கு வராமல் நான் ஏன் தரவேண்டும் என்ற ஒரு கணக்கு மனதில் ஓடியது. அதற்கு நான் நியாயம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்திருக்க, அந்த நிமிடமே தொண்ணூறாயிரமும் அனுப்பினேன். லேப்டாப் தவணைக்கு ஏறிய அபராதத்தையும் சேர்த்தேன். பணம் போய்ச் சேர்ந்ததற்குச் செய்தி வந்த பிறகுதான் அவர் ஆறிப்போன காப்பியை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றார்.

முருகலட்சுமியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள். மறுநாள் காலை பூ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

7

பின்னறை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. இனியா சில சாயந்திரங்களில் உள்ளே வந்து, அனுப்பும் முன் கடிதங்களைக் காட்டு என்கிறாள். வரி அலுவலகத்துக்கு எழுதி அந்தக் கட்டத்தை மாற்றித்தரச் சொல்லியிருக்கிறேன். பதில் தபாலில் வரும் என்று மின்னஞ்சல் வந்தது.

போன வாரம் முருகலட்சுமியே கூப்பிட்டாள். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டீங்களே?"

"சொல்லு லட்சுமி."

"அந்த வெளம்பரக் கம்பெனியில இருந்து எனக்கு நேரா எழுதிருக்காவ. லூக்காசுன்னு ஒருத்தரு. கேம்ல கடைசில எம் பேரு வருதுல்ல, அதப் பாத்துட்டாராம். அடுத்த கேமுக்குப் படம் முழுசும் நானே செய்யணும்னு கேக்குதாவ. ஒங்களக் கேக்காம எப்படின்னுதான்..."

அந்தப் பெயரை விளையாட்டின் இறுதியில் சேர்த்தது நான்தான். காசுக்குப் பதில் கௌரவமாவது இருக்கட்டும் என்று ஒரு நாள் செய்தது. அந்த அடுத்த விளையாட்டு எனக்கு வரும் என்று மூன்று வாரமாகக் காத்திருந்தேன். எனக்கு அப்போது வந்ததை வயிற்றெரிச்சல் என்று ஊரில் நேராகவே சொல்வார்கள்.

"இதுல கேக்க என்ன இருக்கு? செய்யி" என்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

"அவிய ஒழுங்கா காசு குடுப்பாவளா அக்கா?"

நல்ல மனிதர்கள் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் நல்ல மனிதர்களைப் பற்றி இவளுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிவிட முடியும்?

"குடுப்பாங்க லட்சுமி. ஆனா எதுக்கும் பாதியை முன்னாலேயே கேட்டு வாங்கிக்கோ. கூச்சப்படாத."

மறுமுனையில் பின்னால் அவள் அம்மா ஏதோ கேட்பதும், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் கேட்டது.

"அந்தப் பாதி நேத்தே வந்துட்டுக்கா."